செம்பருத்திப் பூ எம்பிராய்டரி: எந்த நிறம், எந்தத் தையல்?

பூ எம்பிராய்டரிக்கு நிறத்தையும் தையலையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். காட்டன் எம்பிராய்டரி நூலில் ஒரு பளபளப்பு இருக்கிறது. ஒரே சிவப்பு நூலை நெடுக்காகத் தைத்தால் ஒரு சாயலும், சாய்வாகத் தைத்தால் வேறு சாயலும் தெரியும். தையலின் திசையே பாதி ஷேடிங் வேலையைச் செய்துவிடுவதால் நிறைய நிறங்கள் வாங்க வேண்டியதில்லை. ஒற்றை அடுக்குச் செம்பருத்திக்கு ஆறு நிறம் போதும்.

தேவையானவை

வெள்ளை அல்லது சந்தன நிறக் காட்டன் துணி. காடா துணி என்றால் முதலில் அலசிக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். தைத்த பிறகு துணி சுருங்கினால் பூவைச் சுற்றிச் சுருக்கம் விழும், அதைச் சரிசெய்ய வழியில்லை. 6 அங்குல ரிங் (துணியை இறுக்கிப் பிடிக்கும் வளையம்), 9-ம் நம்பர் எம்பிராய்டரி ஊசி (ஒற்றை இழைக்கு), 7-ம் நம்பர் ஊசி (இரண்டு இழைக்கு). நம்பர் கூடக் கூட ஊசி மெல்லியதாகும்.

நூல் 8 மீட்டர் லச்சியாக (சிறு நூல்கட்டாக) வரும், அதில் 6 இழைகள் இருக்கும். 7 செ.மீ. அகலப் பூ ஒன்றும் இலை இரண்டும் தைக்க, நிறத்துக்கு ஒரு லச்சி போதும்.

நிறம் எடுப்பது

சிவப்பு மூன்று, பச்சை இரண்டு, மஞ்சள் ஒன்று. டிஎம்சி என்ற நூல் பிராண்டின் நம்பரில் சொன்னால்: இதழ் விளிம்புக்கு 666, நடுவுக்கு 498, அடிப்பகுதிக்கு 814. இலைக்கு 3347, 3345. மகரந்தத்துக்கு 743. ஆங்கர் என்ற இன்னொரு பிராண்ட் நூலுக்கு நம்பர் வரிசை வேறு என்பதால் நம்பரை நம்பாமல் நிறத்தைப் பார்த்து எடுங்கள்: பளிச்சென்ற சிவப்பு, அடர் சிவப்பு, மெரூன்.

கடையில் அழகாகத் தெரிகிறதே என்று பக்கத்துப் பக்கத்து ஷேடுகளை வாங்குவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. லச்சியாகப் பார்க்கும்போது வித்தியாசம் தெரியும். ஒற்றை இழையாகத் தைத்ததும் மூன்றும் ஒன்றாகிவிடும். லச்சிகளைத் துணிமேல் வரிசையாக வைத்து, பகல் வெளிச்சத்தில் போனில் கருப்பு வெள்ளைப் படம் எடுங்கள். மூன்று சிவப்பும் தெளிவாக மூன்று சாம்பல் படிகளாகத் தெரிய வேண்டும். அதே படத்தில் பச்சையையும் சோதியுங்கள். இலைப் பச்சையும் அதை ஒட்டிவரும் சிவப்பும் ஒரே சாம்பலாக இருந்தால், பூவும் இலையும் பிரியாமல் கண்ணை உறுத்தும். பச்சையை ஒரு படி வெளிறியதாக மாற்றுங்கள்.

வாங்கியதும் ஒரு சோதனை உண்டு: நூலை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். அடர் சிவப்பு சில சமயம் சாயம் விடும். விட்டால், நீர் தெளியும்வரை குளிர்ந்த தண்ணீரில் அலசிக் காயவைத்த பிறகே ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள்.

வரைவது

துணியை ஜன்னல் கண்ணாடியில் வைத்து, பென்சிலால் மெல்லியதாக வரையுங்கள். மகரந்தத் தண்டு கீழ் இதழின் மேலே விழும்படி அமையுங்கள். மஞ்சள் முடிச்சுகள் வெள்ளைத் துணியில் விழுந்தால் மங்கிப்போகும், சிவப்பின் மேல்தான் எடுக்கும். பிறகு ஒவ்வொரு இதழுக்குள்ளும் விளிம்பிலிருந்து பூவின் மையம் நோக்கி ஐந்தாறு வழிகாட்டிக் கோடுகள் போடுங்கள். இந்தக் கோடுகளைத் தவிர்க்கவே கூடாது.

இதழ்

45 செ.மீ. நூல் வெட்டி, ஒவ்வோர் இழையாக உருவுங்கள். ஆறையும் பிரித்து இழுத்தால் சிக்கும். பின்னால் மறைந்திருக்கும் இதழை முதலில் தைக்க வேண்டும், முன்னால் இருப்பது கடைசி.

1. 666-ல் ஓர் இழை எடுத்து, விளிம்பு முழுக்க ஸ்ப்ளிட் ஸ்டிட்ச் (முந்தைய தையலின் நூலைப் பிளந்து அடுத்ததைத் தொடரும் தையல்) போடுங்கள். இதன்மேல் தைக்கும்போதுதான் ஓரம் பிசிறில்லாமல் வரும்.

2. அதே நூலில் லாங் அண்ட் ஷார்ட் (நீளத் தையலும் குட்டைத் தையலும் மாறி மாறி) முதல் வரிசை. இதழின் நடுவில் தொடங்கி ஒரு பக்கம் முடித்து, மறுபடி நடுவிலிருந்து மறுபக்கம் செல்லுங்கள். ஊசி இதழுக்குள் மேலே வந்து, விளிம்பைத் தாண்டிக் கீழே இறங்க வேண்டும். நீளத் தையல் 10 மி.மீ., குட்டைத் தையல் 7 மி.மீ. அளவில் இருக்கட்டும்.

3. 498-ல் இரண்டாம் வரிசை. முதல் வரிசைத் தையலுக்குள்ளேயே 3, 4 மி.மீ. பின்னால் போய், நூலைப் பிளந்து ஊசியை மேலே கொண்டுவந்து, மையம் நோக்கி இறக்குங்கள். இரண்டு நிறமும் சேரும் இடத்தில் பட்டை மாதிரிக் கோடு விழுந்தால், எல்லாத் தையலும் ஒரே மட்டத்தில் தொடங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

4. 814-ல் அடிப்பகுதி. இங்கே இடம் குறுகும். எல்லாத் தையலையும் மையம்வரை இழுத்தால் நூல் குவிந்து மேடாகும், ஆகவே ஒன்று விட்டு ஒன்று முன்னதாகவே முடியட்டும். ஓர் இதழ் இன்னொன்றின் அடியில் நுழையும் இடத்திலும் 814-ல் இரண்டு தையல் போடுங்கள். அந்த நிழல் இருந்தால்தான் இதழ்கள் தனித்தனியாகத் தெரியும்.

முழு இதழையும் சாட்டின் ஸ்டிட்சால் (ஓரத்திலிருந்து ஓரம்வரை நெருக்கமாகப் போடும் தையல்) நிரப்பலாமே என்று தோன்றும். 8 மி.மீ.க்கு மேல் நீண்ட சாட்டின் தொளதொளத்துவிடும். பிளவுஸ் கையில் தைத்தால் வளையலில் மாட்டி இழுபடும். மொட்டுக்கு அது பொருத்தம், விரிந்த இதழுக்கு வேண்டாம்.

மகரந்தத் தண்டு

666-ல் இரண்டு இழை, ஸ்டெம் ஸ்டிட்ச் (ஒன்றை ஒன்று ஒட்டிக் கயிறு மாதிரி வரும் தையல்). மெரூன் அடிப்பகுதியின் மேல் இது எடுப்பாகத் தெரியும். தண்டின் மேல்பாதியைச் சுற்றி 743-ல் குட்டையான பிஸ்டில் ஸ்டிட்ச் (நுனியில் முடிச்சு உள்ள நேர்த்தையல்) 15 முதல் 20 வரை. நுனியில் செம்பருத்திக்கே உரிய ஐந்து சூல்முடிகளை ஐந்து பிரெஞ்சு நாட்டாக (ஊசியில் நூலைச் சுற்றிப் போடும் முடிச்சு) 666-ல் போடுங்கள். ஊசியில் ஒரே சுற்று. முடிச்சு பெரிதாக வேண்டுமானால் சுற்றைக் கூட்டாமல் இழையைக் கூட்டுங்கள். மேலே வந்த ஓட்டையிலேயே ஊசியை இறக்கினால் முடிச்சு பின்பக்கம் போய்விடும், துணியின் ஓரிரு இழை தள்ளி இறக்குங்கள்.

இலை

இரண்டு இழையில் ஃபிஷ்போன் (இரு ஓரங்களிலிருந்தும் மாறி மாறிச் சாய்வாக நடுநரம்பில் சேரும் தையல்). நுனியில் இலை நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு நேர்த்தையல் போட்டுத் தொடங்கினால் சாய்வு சரியாக வரும். நடுநரம்பின் ஒரு பக்கம் 3347, மறுபக்கம் 3345. செம்பருத்தி இலைக்குப் பல் விளிம்பு உண்டு. அங்கங்கே ஒரு தையலை 1 மி.மீ. வெளியே தள்ளினால் அது வந்துவிடும்.

முடித்த பிறகு

நூல் முனையைப் பின்பக்கம் நாலைந்து தையலுக்கு அடியில் நுழைத்து வெட்டுங்கள். வெள்ளைத் துணியின் பின்னால் சிவப்பு நூலை 1 செ.மீ.க்கு மேல் கடத்தினால் முன்பக்கம் நிழலாகத் தெரியும். குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். சாயம் இறங்கினால் காயவிடாமல், நீர் தெளியும்வரை தண்ணீரை மாற்றி மாற்றி அலச வேண்டும். கறை இருக்கும்போது இஸ்திரி போட்டால் அது துணியிலேயே தங்கிவிடும். காய்ந்ததும் தடித்த துண்டின்மேல் பூவைக் கவிழ்த்து வைத்து, பின்பக்கம் மட்டும் இஸ்திரி போடுங்கள்.