உப்பளத்துக்கு ஆயில் இன்ஜினா சோலாரா, நாமளே கணக்கு போட்டுப் பாக்குறது எப்படி

ராமநாதபுரம் மாவட்டத்துல வாலிநோக்கம் பக்கம் உப்பளம் வச்சிருக்கவங்க யாரப் பாத்தாலும் இப்ப ஒரே கேள்விதான், பாத்திக்கு உப்புத் தண்ணி இறைக்க டீசல் இன்ஜினுக்குப் பதிலா சோலார் பம்ப் போட்டா கட்டுபடியாகுமான்னு. பேனல் விக்கிறவர் ஒரு கணக்கு சொல்வாரு, இன்ஜின் மெக்கானிக் வேற கணக்கு சொல்வாரு, ரெண்டையும் கேட்டுக்கிட்டு நீங்களே அளந்து பாருங்க.

முதல்ல டீசல். டேங்க விளிம்பு வரைக்கும் ரொப்பி ரெண்டு மணி நேரம் ஓட்டுங்க, நிறுத்திட்டு அளவு பாட்டில்ல அதே விளிம்புக்கு மறுபடி ஊத்துங்க, எவ்ளோ போச்சோ அதான் குடிச்சது. 5 எச்பி இன்ஜின் முழு லோடுல மணிக்கு சுமார் 1 லிட்டர் குடிக்கும், பழசுன்னா இன்னும் கூட. ஒரு லிட்டர் டீசல்ல 10 யூனிட் கிட்ட சூடு இருக்கு ஆனா பம்ப சுத்துறது 3, 3.5 யூனிட்தான், மிச்சமெல்லாம் புகையாவும் சூடாவும் போயிடுது, கூடவே 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடும். லிட்டர் 92 ரூபான்னு வச்சா தினம் 6 மணி நேரத்துக்கு 552, 150 நாள் சீசனுக்கு 82,800. இன்ஜின் ஆயில், டீசல் பீச்சுற நாசில் செலவு தனி.

அடுத்து சோலார். 5 எச்பின்னு போர்டுல போட்டிருக்கத வச்சு ஒப்பிடாதீங்க, உச்சி வெயில்லதான் அது முழுசா இழுக்கும். நம்ம ஊர் வெயிலுக்கு 1 கிலோவாட் பேனல் நாளைக்கு சராசரியா 4 யூனிட் தரும், அப்ப 5 எச்பி பம்புக்குப் போடுற 5 கிலோவாட் பேனலுக்கு 20, இன்ஜின் 6 மணி நேரத்துல பண்றதும் கிட்டத்தட்ட அவ்ளோதான். இன்ஜின்னா ராத்திரியும் ஓடும், சோலார் ஓடாது. நமக்கு அந்தக் கவல இல்ல, வெயில் இருக்கப்பதான் பாத்திக்கு தண்ணி வேணும், மழைல உப்பும் இல்ல பம்பும் இல்ல.

கொட்டேஷன் 3.3 லட்சம்னு வந்துச்சுன்னு வைங்க, 82,800ல வகுத்தா நாலு சீசன். சோலார் பம்புக்கு மத்திய அரசு தர்ற பிஎம் குசும் மானியம் விவசாயத்துக்குன்னு வந்த திட்டம், அத நம்பி உப்பளக் கணக்கு போடாதீங்க.

கொட்டேஷன்ல வராதது ஒண்ணு இருக்கு, உப்புக்காத்து. நான் போட்டப்ப வந்த ஆளு சாதா போல்ட் போட்டுட்டு போயிட்டாரு, எட்டே மாசத்துல துரு, கச்சான் காத்து பலமா அடிச்ச ஒரு நாள் பேனல் ஒண்ணு பேந்து பாத்திக்குள்ள கெடந்துச்சு. அதனால 316 கிரேடு எவர்சில்வர் போல்ட், நல்லா துத்தநாகம் பூசுன ஸ்டாண்டு, உப்புக்காத்துக்கு டெஸ்ட் பண்ணுன பேனல், இந்த மூணையும் கொட்டேஷன்லயே எழுதச் சொல்லுங்க. பேனல் கழுவ நல்ல தண்ணி வேணும், உப்பா இருக்க போர் தண்ணில கழுவுனா அதுவே ஒரு பாத்தி ஆயிடும், நல்ல தண்ணிய நாம காசு கொடுத்துதான வாங்குறோம், அந்தக் குடக் காசையும் சேத்துக்கோங்க. விடியக்காலைல சூடு ஏறுறதுக்கு முன்னாடி கழுவுங்க.

கணக்கு சோலாருக்கு சாஞ்சாலும் பழைய இன்ஜின வித்துறாதீங்க, சோலார் பம்ப ஓட்டுற கண்ட்ரோலர் பெட்டி போச்சுன்னா ரிப்பேருக்கு ஆளு வர ஒரு வாரம் ஆவுது, இன்ஜின்னா சாயல்குடிலருந்து மெக்கானிக் சாயங்காலமே வந்துருவாரு.