ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எத்தனை நர்ஸ் வேண்டும்? கணக்குப் போடும் முறை

"ஆள் பற்றவில்லை" என்று மேலே எழுதினால், "எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்றுதான் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல உலக சுகாதார நிறுவனத்தின் விஸ்ன் (WISN) முறை, அதாவது வேலைப்பளுவை வைத்து ஆள் தேவையைக் கணக்கிடும் முறை, உதவும். மக்கள்தொகையைப் பார்க்காமல், நடக்கிற வேலையைப் பார்க்கும் முறை இது. கால்குலேட்டர் போதும். கீழே உள்ள எண்கள் உதாரணத்துக்குத்தான். உங்கள் ரெஜிஸ்டரில் இருப்பதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: கையில் இருக்கும் நேரம். வாரம் 6 நாள் என்றால் ஆண்டுக்கு 312 நாள். அரசு விடுமுறை, லீவு, பயிற்சி என்று 62 நாள் போனால் மீதி 250. தினம் 7 மணி நேரம் வீதம் ஒரு நர்சுக்கு 1,750 மணி நேரம்.

படி 2: வேலைக்கு ஆகும் நேரம். கூட்டத்தைச் சமாளிக்க அவசரமாக முடிக்கிற நேரத்தை எழுதாதீர்கள். முறையாகச் செய்தால் எவ்வளவு ஆகுமோ அதை எழுதுங்கள். பிரஷர், சர்க்கரை பார்த்துப் பதிவு செய்ய 10 நிமிடம் என்றால், ஒரு நர்ஸ் ஆண்டில் 10,500 பேரைப் பார்க்கலாம். டிரெஸ்ஸிங்குக்கு 15 நிமிடம் என்றால் 7,000 பேர்.

படி 3: வகுத்தல். சென்ற ஆண்டு பிரஷர், சர்க்கரைக்கு வந்தவர்கள் 15,750 என்றால் 1.5 நர்ஸ். டிரெஸ்ஸிங் 5,600 என்றால் 0.8. மொத்தம் 2.3.

படி 4: ரெஜிஸ்டர், மீட்டிங். கணக்கு பெரும்பாலும் இங்கேதான் தப்பும். எல்லா நர்சுகளின் நேரத்திலும் 20 சதவீதம் இதில் போகிறது என்றால், 2.3உடன் 20 சதவீதத்தைக் கூட்டக்கூடாது; நோயாளிகளுக்கு மிஞ்சுவது 80 சதவீத நேரம்தான் என்பதால் 2.3-ஐ 0.8ஆல் வகுக்க வேண்டும். விடை 2.875. ஒருவர் மட்டும் ஸ்டாக் பார்க்க ஆண்டுக்கு 175 மணி நேரம் செலவிட்டால் இன்னொரு 0.1. ஆக 2.975, அதாவது 3 பேர்.

படி 5: விகிதம். இப்போது இருப்பது 2 பேர் என்றால், 2-ஐ 2.975ஆல் வகுங்கள்: 0.67. 1-க்குக் கீழே எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு வேலைப்பளு. இங்கே ஒருவர் குறைந்ததற்கே 0.67; பத்துப் பேர் வேண்டிய இடத்தில் ஒருவர் குறைந்தால் 0.9தான். அதனால் எத்தனை பேர் குறைவு என்பதோடு விகிதத்தையும் எழுதுங்கள்.

சரி, 3 பேர் வந்துவிட்டால் வரிசை குறையுமா? உறுதியில்லை. இது ஆண்டுச் சராசரி, ஓ.பி. கூட்டமோ காலையிலேயே குவிந்துவிடும். சீரான நிலையில் இருக்கும் சர்க்கரை நோயாளிக்கு, டாக்டர் சம்மதித்தால், இரண்டு மாத மாத்திரையை ஒரே தடவை கொடுக்கலாம். 2021இல் தொடங்கிய தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோகிறது. அதில் சேராதவர்களைச் சேர்த்துவிடுங்கள். அப்புறம் ஒரு வாரம் ஓ.பி. சீட்டுகளை மணிவாரியாக எண்ணி, அந்தத் தாளையும் விண்ணப்பத்தோடு இணைத்து அனுப்புங்கள்.