ஆப்ஜெக்ட் ஓரியண்டட் நல்லதா கெட்டதா: பட்டிமன்றத்தை உருப்படியாக நடத்துவது எப்படி

காட்பாடியில் நாங்கள் ஆறேழு பேர், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் டீக்கடை பெஞ்சில் கூடிவிடுவோம். பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் ஆப்ஜெக்ட் ஓரியண்டட் புரோகிராமிங்கில் (டேட்டாவும் அதன் வேலைகளும் சேர்ந்த ஆப்ஜெக்டுகளாகப் புரோகிராம் எழுதும் முறை) வந்து முட்டும், முட்டினால் அன்றைக்கு டீ ஆறிப்போகும். ஒருமுறை இரண்டு பேர் மூன்று வாரம் பேசிக்கொள்ளவே இல்லை. இன்ஹெரிட்டன்ஸால் வந்த சண்டை என்று வீட்டில் சொன்னால் சொத்துத் தகராறு என்று நினைப்பார்கள், அதனால் வெளியே சொல்லவும் முடியவில்லை. அதற்கப்புறம்தான் சண்டையை ஒரு முறையாகப் போடலாம் என்று உட்கார்ந்து யோசித்தோம். நாங்கள் செய்வதை அப்படியே எழுதுகிறேன், உங்கள் ஆபீஸிலோ ஹாஸ்டலிலோ செய்து பாருங்கள்.

முதல் வேலை, தலைப்பை உடைப்பது. அந்த ஒரு பெயருக்குள் நாலு சங்கதிகள் இருக்கின்றன: டேட்டாவையும் அதைத் தொட்டு வேலை செய்யும் ஃபங்ஷன்களையும் ஒரே கிளாஸில் (ஆப்ஜெக்டுகளை வார்க்கும் அச்சு) கட்டுவது, உள்ளே இருப்பதை வெளியாள் கை வைக்காமல் மறைப்பது, ஒரு கிளாஸுக்கு இன்னொன்று வாரிசாக வந்து அதில் இருப்பதைப் பெறுவது (இதுதான் இன்ஹெரிட்டன்ஸ்), ஒரே பெயரில் கூப்பிட்டாலும் ஒவ்வொரு ஆப்ஜெக்டும் தன் வழியில் வேலை செய்வது. திட்டுகிறவர் பெரும்பாலும் மூன்றாவதைத் திட்டுவார், ஆதரிக்கிறவர் இரண்டாவதையும் நாலாவதையும் மனதில் வைத்துக்கொண்டு பதில் சொல்வார், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மடையன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். ஒரு நாளைக்கு ஒன்றை மட்டும் எடுங்கள்.

சரித்திரத்துக்கு ஐந்து நிமிஷம் போதும். கிளாஸும் வாரிசும் வந்தது நார்வேயில், ஓலே யோஹான் டாலும் கிறிஸ்டன் நைகார்டும் உருவாக்கிய சிமுலா 67 மொழியில். "ஆப்ஜெக்ட் ஓரியண்டட்" என்று பெயர் வைத்தவர் ஆலன் கே. 1970களில் ஜெராக்ஸ் கம்பெனியின் பார்க் என்கிற ஆராய்ச்சிக் கூடத்தில் ஸ்மால்டாக் மொழியைச் செய்தவர், அவருக்கு முக்கியம் கிளாஸ் இல்லை, ஆப்ஜெக்டுகள் ஒன்றுக்கொன்று அனுப்பும் செய்திகள். சி பிளஸ் பிளஸ் மொழி சிமுலா வழியில் போனது. 1995இல் வந்த ஜாவா, "வணக்கம்" என்று ஒரு வரி அச்சிடவே ஒரு கிளாஸ் எழுத வைத்தது. ஆகவே யாராவது "உண்மையான ஆப்ஜெக்ட் ஓரியண்டட் என்பது..." என்று ஆரம்பித்தால், எந்த ஊர்க்காரர் சொன்னது என்று கேட்டு உட்கார வையுங்கள்.

அடுத்து, மேஜையில் ஒரு நிஜமான கணக்கு இருக்க வேண்டும். நாய் குரைக்கும், பூனை கத்தும் என்கிற அனிமல் கிளாஸ் உதாரணத்தை எங்கள் கூட்டத்தில் தடை செய்துவிட்டோம், அதை வைத்து எதையும் நிரூபிக்கலாம். நம்ம பக்கம் இருக்கவே இருக்கிறது தோல் தொழில். ராணிப்பேட்டையிலோ வாணியம்பாடியிலோ தோல் பதனிடும் ஒரு டேனரிக்கு மென்பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பச்சைத் தோல் வரும், குரோம் ஏற்றியதும் நீலமாகி வெட் புளூ ஆகும், பிறகு கிரஸ்ட், கடைசியில் ஃபினிஷ்டு லெதர், அதைச் சதுர அடிக் கணக்கில் விற்பார்கள். சொந்தச் சரக்கும் உண்டு, அடுத்தவர் தோலைக் கூலிக்குப் பதனிட்டுத் தரும் ஜாப் ஒர்க்கும் உண்டு.

புதிதாகப் படித்துவிட்டு வந்த தம்பி உடனே தோல் என்று ஒரு பேஸ் கிளாஸ் (வாரிசுகளுக்கு மூலம்), அதற்கு வெட் புளூ, கிரஸ்ட், ஃபினிஷ்டு என்று மூன்று வாரிசு என்று எழுதுவார். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் இன்றைக்கு வெட் புளூவாக இருக்கிற அதே லாட்தான் (ஒன்றாகப் பதனிடும் தோல் கட்டு) அடுத்த வாரம் கிரஸ்ட் ஆகிறது, ஜாவாவில் உருவான ஆப்ஜெக்டுக்குக் கிளாஸை மாற்ற முடியாது. புது ஆப்ஜெக்ட் செய்து பழையதைக் காப்பியடிக்க வேண்டும், எங்கேயோ ஒரு மூலையில் பழைய லாட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் பில் தவறாகப் போகும். நிலை என்பது லாட்டுக்குள் ஒரு ஃபீல்டு (மாற்றி எழுதக்கூடிய ஒரு கட்டம்), அவ்வளவுதான். மாவட்டத்தை பேஸ் கிளாஸாக வைத்தவர்களுக்கும் இதே கதி. 1989இல் வட ஆற்காடு உடைந்து திருவண்ணாமலை தனியாகப் போனது, 2019இல் வேலூர் மூன்றானபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்குப் போயின. டேட்டாவாக வைத்திருந்தால் டேட்டாபேஸுக்கு ஒரு அப்டேட் குவெரியோடு (மாற்றச் சொல்லும் கட்டளை) முடிகிற வேலை.

பெரியவர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். ஜாவாவின் ஸ்டாக் (அடுக்கு) கிளாஸ், வெக்டார் என்கிற பட்டியல் கிளாஸுக்கு வாரிசு. மேலிருந்து மட்டுமே எடுக்க வேண்டிய அடுக்கில், வெக்டார் வழியாக நடுவில் ஒன்றைச் செருகலாம். பழைய புரோகிராம்கள் உடையும் என்பதால் இன்னும் அப்படியே கிடக்கிறது. கோ, ரஸ்ட் மொழிகளில் கிளாஸ் வாரிசே கிடையாது என்பதையும் எதிரணி இந்த இடத்தில் எடுத்து வீசலாம்.

அப்போது ஆதரவு அணிக்கு என்ன இருக்கிறது? மறைத்து வைப்பது இருக்கிறது. இதில் நான் சொந்தமாகச் சூடுபட்டவன். கிளாஸே வேண்டாம் என்ற வீம்பில் எல்லா லாட்டையும் பைத்தான் டிக்‌ஷனரியாக, அதாவது பெயரும் மதிப்பும் கொண்ட திறந்த பட்டியலாக, எழுதினேன், சதுர அடியை யார் வேண்டுமானாலும் மாற்றலாம், ஒரு நாள் பில்லில் வந்த அளவும் குடோனில் இருந்த அளவும் ஒத்துப்போகவில்லை. எந்த ஃபங்ஷன் ரவுண்டு செய்தது என்று தேடி இரண்டு ராத்திரி போனது. அளவெடுப்பது ஒரே வாசல் வழியாக நடந்திருந்தால் பத்து நிமிஷ வேலை.

இப்போது இந்த முறையின் உயிர் நாடிக்கு வருகிறேன். இரண்டு அணியும் (ஆப்ஜெக்ட் அணி கிளாஸ்களாகவும், எதிரணியான ஃபங்ஷன் அணி தனி ஃபங்ஷன்களாகவும்) அதே கணக்கைத் தங்கள் பாணியில் முன்கூட்டியே எழுதி லேப்டாப்பில் கொண்டுவர வேண்டும். நடுவரிடம் இரண்டு சீட்டு இருக்கும். ஒன்றில் புது வகை: "இனிமேல் துண்டுக் கணக்கில் கூலி வாங்கும் ஜாப் ஒர்க்கும் உண்டு." இன்னொன்றில் புது வேலை: "எல்லா வகைக்கும் ஏற்றுமதி பேக்கிங் லிஸ்ட் வேண்டும்." முதல் சீட்டில் ஆப்ஜெக்ட் அணி ஜெயிக்கும், ஒரு கிளாஸ் கூடுதலாக எழுதினால் முடிந்தது, பழைய புரோகிராமைத் தொட வேண்டாம். ஃபங்ஷன் அணியோ ஒவ்வொரு ஃபங்ஷனுக்குள்ளும் போய் ஒரு இஃப் ("இந்த வகையானால் இப்படி" என்கிற கட்டளை) சேர்க்க வேண்டும். இரண்டாவது சீட்டில் அப்படியே தலைகீழ்: ஃபங்ஷன் அணிக்கு ஒரே ஒரு புது ஃபங்ஷன், ஆப்ஜெக்ட் அணி ஒவ்வொரு கிளாஸையும் திறந்து ஒரு மெத்தடை (கிளாஸுக்குள் இருக்கும் ஃபங்ஷன்) திணிக்க வேண்டும். இந்த முடிச்சுக்கு 1998இல் கணினி அறிஞர் பிலிப் வாட்லர் எக்ஸ்பிரஷன் பிராப்ளம் என்று பெயர் வைத்தார். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, உங்கள் முதலாளியிடமிருந்து எந்தச் சீட்டு அடிக்கடி வருகிறது என்பதுதான். போன வருஷத்து மாற்றங்களை கிட் லாகில் (புரோகிராம் மாற்றங்களின் பதிவேடு) எண்ணிப் பாருங்கள்.

வேகத்தைப் பற்றி யாராவது கிளப்புவார்கள். ஆப்ஜெக்டுகள் மெமரியில் சிதறிக் கிடந்தால் பிராசஸரின் வேக மெமரியான கேஷுக்குக் கஷ்டம் என்பது உண்மை, கேம் எழுதுகிறவர்கள் அதனால்தான் டேட்டாவைத் தனித்தனி அரேயாக (நெருக்கமான வரிசை) அடுக்குகிறார்கள். மாதத்துக்கு நாலாயிரம் லாட் பில் போடுகிற இடத்தில் அதைப் பேசினால் அளந்து காட்டச் சொல்லுங்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

இரண்டு விதி பாக்கி. பாதியில் அணி மாற வேண்டும், எதிர்த்தவர் ஆதரித்து அரை மணி பேச வேண்டும் (எங்களில் ஒருவர் இதில் தன் பழைய வாதத்தையே கிழித்துவிட்டு, "இன்னாபா இது, நானா இப்படிப் பேசினேன்" என்று கேட்டார்). நடுவர் "இரண்டும் தேவை" என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது, அதைச் சொல்லத் தொலைக்காட்சியில் ஆள் இருக்கிறது. தீர்ப்பை இந்தப் புராஜெக்டுக்கு மட்டும், தேதி போட்டு, புராஜெக்ட் குறிப்பு இருக்கும் ரீட்மீ ஃபைலில் எழுத வேண்டும். எங்கள் கடைசித் தீர்ப்பு இது: "கூலி வகைகளுக்கு இன்டர்ஃபேஸ் (எந்தெந்த மெத்தட் வேண்டும் என்ற பட்டியல்). லாட்டின் நிலை ஒரு ஃபீல்டு. ரிப்போர்ட் எல்லாம் வெறும் ஃபங்ஷன். வாரிசு கிடையாது." அதை மாற்றச் சொல்லி யாராவது வந்தால், கையில் புதுச் சீட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அவருக்கும் ஒரு டீ சொல்லுங்கள்.