பெரணி ஸ்போரை அள்ளிக் கொட்டாதீர்கள்

ஸ்போரிலிருந்து, அதாவது பெரணி விதைக்குப் பதிலாக உதிர்க்கும் தூசு போன்ற வித்திலிருந்து, பெரணி வளர்க்கக் கிளம்புகிறவர்களுக்கு மண் காயக் கூடாது, உச்சி வெயில் ஆகாது என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும். அதை விட்டுவிடலாம். எல்லாரும் வரிசையாகக் கோட்டை விடுவது வெளிச்சத்திலும் ஹார்மோனிலும்தான்.

டெல்டாவில் ஸ்போருக்குப் பஞ்சமில்லை. அரசலாற்றுப் பக்கம் பழைய மதகுச் சுவரையோ காரை பெயர்ந்த கிணற்றையோ எட்டிப் பாருங்கள், டெரிஸ் விட்டாட்டா என்ற பெரணி தொங்கிக்கொண்டிருக்கும். இலையைப் புரட்டினால் இரண்டு ஓரத்திலும் பழுப்புக் கோடு. ஓர் இலையை நியூஸ்பேப்பரில் மடித்து வைத்தால் ரெண்டு மூணு நாளில் தூசு மாதிரி உதிர்ந்திருக்கும். சிக்கலே இவ்வளவு சுலபமாகக் கிடைப்பதில்தான்.

வாழை நிழலும் சுவர் நிழலும் ஒன்றல்ல

பெரணிக்கு நிழல் பிடிக்கும் என்று ஸ்போர் தூவிய டப்பாவைக் கொண்டுபோய் வாழைத் தோப்பில் வைக்கிறார்கள். வளர்ந்த செடிக்குச் சரி. ஈரமான ஸ்போர் முளைக்கச் சிவப்பு ஒளி வேண்டும், அதை உணர்வது ஃபைட்டோகுரோம் என்ற புரதம். வாழை இலை சிவப்பை உறிஞ்சிக்கொண்டு தூரச் சிவப்பைத்தான் (சிவப்புக்கு அடுத்து, கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத ஒளி) கீழே விடுகிறது, அந்தத் தூரச் சிவப்போ சிவப்பு ஒளி செய்த வேலையை அழித்துவிடும். வீட்டின் வடக்குச் சுவரோரம் வையுங்கள். நிழலும் இருக்கும், வானத்து வெளிச்சமும் குறையாது.

மீன் தொட்டி நீல விளக்கு

டப்பாவுக்கு மேல் மீன் தொட்டி நீல விளக்கைப் போடாதீர்கள். டெரிஸ், அடியாண்டம் போன்ற பெரணிகளில் நீல ஒளி முளைப்பைத் தடுக்கும். முளைத்த பிறகு கதை வேறு: வெறும் சிவப்பில் நூலாகவே நீண்டுகொண்டிருப்பது, நீலம் பட்டால்தான் அகன்று புரோதாலஸ் (ஆண், பெண் உறுப்புகள் உண்டாகும் சிறு பச்சைத் தகடு) ஆகும். சாதாரண வெள்ளை எல்.இ.டி. போதும், வண்ண விளக்கெல்லாம் வேண்டாம்.

அள்ளித் தூவுவது

எத்தனை பேரிடம் சொன்னாலும் நடக்கிற தவறு இது, இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது. நாற்றங்காலில் நெல் விடுகிற மாதிரி கை நிறைய அள்ளித் தூவுகிறார்கள். கும்பகோணம் பக்கம் ஒரு கல்லூரி மாணவி கவரில் இருந்த மொத்தத்தையும் ஒரே சாப்பாட்டு டப்பாவில் கொட்டிவிட்டு, கொஞ்ச நாளில் “சார், டப்பா நிறையப் பச்சை!” என்று படம் அனுப்பினார். சந்தோஷம்தான். அப்புறம் மாதக்கணக்கில் அதே பச்சை. ஒரு இலைகூட எழும்பவில்லை. தண்ணீரை மாற்றினார், மண்ணை மாற்றினார், கடைசியில் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நேரில் வந்தார். கைலென்ஸில் பார்த்தால் பள்ளம் விழுந்த இதய வடிவம் (முட்டை வைக்கக்கூடியது) விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான், மற்றதெல்லாம் குட்டி குட்டியாக, பள்ளமே இல்லாமல், ஆந்தரிடியம் (ஆண் உறுப்பு) மட்டும் வைத்துக்கொண்டு நிற்கிறது. அத்தனையும் ஆண். ப்ராஜெக்ட் முடிக்க வேண்டிய செமஸ்டரும் போய்விட்டது.

காரணம் ஆந்தரிடியோஜன் என்ற ஹார்மோன். முந்திக்கொண்டு வளர்ந்த புரோதாலஸ் இதைச் சுற்றிலும் கசியவிடும், பிந்தி வருகிறவை அதை வாங்கி ஆணாகிவிடும். 1950-லேயே டெப் என்ற ஜெர்மன் விஞ்ஞானி டெரிடியம் பெரணியில் இதைக் கவனித்து எழுதிவிட்டார். லைகோடியம் ஜப்பானிக்கம் என்ற பெரணியில் நடப்பது 2014-ல் வெளியான ஆய்வில் தெளிவானது: மூத்தது ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஹார்மோனை அரைகுறையாகச் செய்து வெளியே விடுகிறது, இளையது அதை உள்வாங்கி மீதி வேலையை முடித்து முழு ஜிப்ரலினாக்கிக்கொள்கிறது. நெருக்கம் கூடக் கூட ஆண்கள் கூடும், முட்டை வைக்க ஆள் இருக்காது. போதாக்குறைக்கு மேலே இருக்கிற பச்சை, கீழே முளைக்காமல் கிடக்கும் ஸ்போருக்கு வாழை இலை செய்த அதே வேலையைச் செய்யும்.

இதன் மேல், “வளர்ச்சி வேகமாகும்” என்று உரக்கடை ஜிப்ரலிக் அமிலத்தை வாங்கித் தெளிக்கிறவர்களும் உண்டு! அனீமியா பெரணியில் ஜிப்ரலின் கொடுத்தால் ஸ்போர் இருட்டிலேயே முளைக்கும், ஆந்தரிடியமும் வைக்கும். எல்லாப் பெரணியும் அப்படி இல்லை, ஆனால் உங்கள் டப்பாவில் இருப்பது எந்த ரகம் என்று பார்க்காமல் எதற்குத் தெளிக்க வேண்டும்?

காகிதத்தைச் சாய்த்து மெல்லத் தட்டினால் சக்கை முன்னால் உருண்டுவிடும், ஒட்டிக்கொண்டு பின்தங்குகிற தூசுதான் ஸ்போர். அதில் ஒரு சிட்டிகையைக் காகிதத்தில் வைத்து, ஒரு முழ உயரத்திலிருந்து ஒரே தட்டு. மண்மேல் பழுப்பு கண்ணில் பட்டாலே அதிகம். ஏற்கெனவே நெருக்கிவிட்டீர்களா, இதய வடிவமாகத் தெரிவதை இடுக்கியால் எடுத்து வேறு டப்பாவில் தள்ளித் தள்ளி வையுங்கள். அதோடு சில ஆண்களையும் சேருங்கள். கூட்டத்தை விட்டு வந்தால் அதிலும் சில வளர்ந்து ஆர்க்கிகோனியம் (பெண் உறுப்பு) வைக்கும். விந்து நீந்திப் போகத் தண்ணீர் வேண்டும், மேலாக நனைத்துவிடுங்கள்.

வேர்ப்பொடி

வெட்டி நடும் கிளை வேர் பிடிக்கத் தடவுகிற ஹார்மோன் பொடி இது. ஸ்போருக்கு ஏது வேர்? வேண்டாம்.

ஆரைக்கீரை இரண்டு ரகமா?

இல்லை. வாய்க்காலில் நீளக் காம்போடு மிதப்பதும், வரப்பில் குட்டையாக நிமிர்ந்து நிற்பதும் ஒரே மார்சிலியாதான் (ஆரைக்கீரையும் ஒரு பெரணியே). நீருக்குள் இருக்கும்போதே அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோனைக் கொடுத்தால் தரை இலை விடும், நீல ஒளியும் அதையே செய்யும். வாய்க்கால் வற்றியதும் இலை மாறிவிட்டது, வேறு செடி வந்துவிட்டது என்று பிடுங்கிப் போடாதீர்கள்.