பழைய இணையதளத்தில் சிலை வாங்குவோர் கவனத்திற்கு

ஓடும் எழுத்துகளும் மினுக்கும் ‘புதியது’ முத்திரையும் அடியில் பார்வையாளர் எண்ணிக்கையுமாக, சிறு கைவினைஞர்களின் இணையதளங்கள் சில இன்றும் மாறாமல் இருக்கின்றன. தோற்றத்தைக் கண்டு அவற்றை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. எனக்கு அவற்றின்மேல் தனிப் பிரியமே உண்டு.

சுவாமிமலைப் பஞ்சலோகச் சிலைகளை எடுத்துக்கொள்வோம். மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிய பின் உலோகத்தை வார்த்து, கடைசியில் அந்த மண் அச்சை உடைத்தே சிலையை வெளியே எடுப்பதால், தளத்தில் உள்ள படம் வேலைப்பாட்டுக்கு ஒரு மாதிரி மட்டுமே. அதே சிலை உங்களுக்கு வராது. ஆகவே தொலைபேசியில் பேசி, இப்போது கைவசம் உள்ள சிலையின் முகம், விரல்கள், பின்புறம் ஆகியவற்றின் படங்களை, எடையையும் உயரத்தையும் குறிப்பிட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். உலோக விலை ஏறியிறங்குவதால், தளத்தில் உள்ள பழைய விலைப்பட்டியலை வைத்துப் பேரம் பேசுவது நியாயமாகாது.

படத்தொகுப்பு திறக்கவில்லையென்றால், 2020 இறுதியில் ஆதரவு நிறுத்தப்பட்ட ஃபிளாஷ் என்னும் பழைய மென்பொருள் காரணமாக இருக்கலாம். அதைத் திறப்பதற்காக எதையும் பதிவிறக்க வேண்டாம். முகவரிப் பட்டையில் ‘பாதுகாப்பற்றது’ என்று காட்டும் தளத்தில் அட்டை எண்ணை ஒருபோதும் உள்ளிடாதீர்கள். யுபிஐ வழியே செலுத்தும்போது, திரையில் தோன்றும் பெயர் பட்டறையின் பெயரோடு அல்லது உரிமையாளரின் பெயரோடு பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே முன்பணம் அனுப்புங்கள்.