பழைய பிஎச்பி, கையில் டிகிரி இல்லை: ஐடி வேலைக்குத் திரும்புபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2010-ஐ ஒட்டி வெப்சைட் எழுதும் பிஎச்பி மொழி, மைசீக்வல் டேட்டாபேஸ், பிரவுசர் பக்கத்துக்கான ஜேக்வெரி கற்றுக்கொண்டு, சின்ன கம்பெனிகளில் நான்கைந்து வருடம் வெப்சைட் வேலை பார்த்தவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். டிப்ளமோவோடு நின்றவர்களும், அரியர் சேர்ந்துபோய் இன்ஜினியரிங்கை முடிக்காதவர்களும் அதில் கணிசம். குடும்பம், கடை, உடல்நலம் என்று ஏதோ ஒன்றால் துறையை விட்டுப் போனவர், திரும்பி வரலாம் என்று வேலை விளம்பரங்களைப் பார்த்தால் பாதிச் சொற்கள் புரியாது. அந்தப் பதற்றத்தில் எடுக்கும் முடிவுகள்தான் காலத்தையும் கையிருப்பையும் தின்கின்றன.

தெரிந்ததைத் தூக்கிப்போடுவது

"பிஎச்பி செத்துப்போச்சு, டேட்டா சயின்ஸ் படி" என்று யாராவது சொல்வார்கள். வேளச்சேரியிலோ டி.நகரிலோ ஒரு கோச்சிங் சென்டரில் இஎம்ஐ போட்டுச் சேர்ந்துவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து அவர்கள் நிற்கும் வரிசையில் முன்னால் இருப்பது அந்த வருடம் கல்லூரி முடித்த பிள்ளைகள். வயது, டிகிரி, சம்பள எதிர்பார்ப்பு மூன்றிலும் அவர்களுக்கே சாதகம். உங்கள் பழைய அனுபவத்துக்கு அந்த வரிசையில் மதிப்பே கிடையாது.

மதிப்பு உள்ள இடம் வேறு. பிஎச்பி 5.6-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 இறுதியோடு நின்றுவிட்டன, 7.4-க்கு 2022 நவம்பரில். ஆனால் அந்தப் பதிப்புகளில் எழுதிய பில்லிங், ஸ்டாக், பள்ளி அட்மிஷன் மென்பொருள்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஹோஸ்டிங் நிறுவனம் பழைய பதிப்பை நிறுத்தப்போவதாக மெயில் அனுப்பும் நாளில், அந்தப் பழைய நிரலைப் (கோட்) படித்துப் புரிந்துகொண்டு புதியதற்கு மாற்றித்தர ஆள் வேண்டும். புதிதாகப் படித்து வந்தவர் அதைத் தொடத் தயங்குவார். உங்களுக்கு அது தாய்வீடு.

மறுபடி முதல் பாடத்திலிருந்து தொடங்குவது

வேரியபிள் என்றால் என்ன, லூப் என்றால் என்ன என்று நாற்பது மணி நேர வீடியோ பார்ப்பது உழைப்பதுபோன்ற திருப்தியைத் தரும், அவ்வளவுதான். உங்களுக்கு வேண்டியது, நீங்கள் விட்ட இடத்துக்கும் இன்றைக்கும் இடையில் எது மாறியது என்பது மட்டும். அதற்குச் சுருக்கு வழி, நீங்கள் அன்று எழுதிய பாணியிலேயே ஒரு சின்ன இன்வென்டரி மென்பொருளை எழுதி, அதைப் பிஎச்பி 8-க்குக் கொண்டுவருவது.

முதலில் பழைய மைசீக்வல் ஃபங்ஷன்கள் விழும். 7.0-இலேயே அவற்றை நீக்கிவிட்டார்கள். எல்லாவற்றையும் பிடிஓ-வுக்கு (டேட்டாபேஸோடு பேச பிஎச்பியிலேயே உள்ள புதிய வழி) மாற்றுங்கள். மாற்றும்போது பழைய பழக்கத்தில் க்வெரிக்குள் (டேட்டாபேஸுக்கு அனுப்பும் கட்டளை) வேரியபிளை ஒட்டவைத்தால் மாற்றியதில் அர்த்தமே இல்லை. வெளியாள் தன் கட்டளையை க்வெரிக்குள் நுழைக்கும் எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் அப்படியே இருக்கும். க்வெரியைத் தனியாகவும் மதிப்பைத் தனியாகவும் கொடுக்கும் ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்டாகவே எழுத வேண்டும்.

அடுத்து பாஸ்வேர்ட். அதை உருமாற்றிச் சேமிக்க அன்று எம்டி5 போட்டிருப்பீர்கள், டேபிளில் அதற்கான காலம் (column) வார்கேர் 32, அதாவது 32 எழுத்துக்கே இடம் உள்ளதாக இருக்கும். பிஎச்பி 5.5-இல் வந்த பாஸ்வேர்ட் ஹாஷ் ஃபங்ஷன் பிகிரிப்ட் முறையில் 60 எழுத்து தரும். டேபிள் காலத்தின் அகலத்தை மாற்ற மறந்தால், மைசீக்வலின் அமைப்பைப் பொறுத்து, ஒன்று சேமிக்கும்போதே பிழை வரும், அல்லது சத்தமில்லாமல் வெட்டிச் சேமித்துவிட்டு லாகின் மட்டும் தோற்றுக்கொண்டே இருக்கும். 255 வைத்துவிடுங்கள், நாளை முறை மாறினாலும் இடம் இருக்கும்.

இதைவிட ஆபத்து, பிழையே காட்டாமல் மாறியவை. வெற்று ஸ்ட்ரிங்கை 0-வுடன் இரட்டைச் சமக்குறியில் ஒப்பிட்டால் பிஎச்பி 7 வரை "சமம்" என்றது. 8-இல் "சமம் இல்லை". எண்ணிக்கையை நிரப்பாமல் அனுப்பிய பில், பழைய பதிப்பில் அந்தச் சோதனையில் நின்றது. இப்போது தாண்டிப் போய்விடும். லாகில் ஒரு வரிகூட இருக்காது. இதுபோன்ற இடங்களைக் கண்ணால் தேடாமல், மாற்றுவதற்கு முன்பே பிஎச்பியூனிட் என்ற சோதனைக் கருவியில் பத்துப் பதினைந்து டெஸ்ட் எழுதி, பழைய பதிப்பிலும் புதியதிலும் ஓட்டிப் பாருங்கள். நிரலை ஓட்டாமலேயே படித்துப் பிழை காட்டும் பிஎச்பிஸ்டான் கருவியைக் கீழ் நிலையில் தொடங்கி ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். முதல் நாளே உச்ச நிலையில் ஓட்டினால் கொட்டும் எச்சரிக்கைகளைப் பார்த்தே வேலையை விட்டுவிடத் தோன்றும்.

டேட்டாபேஸில் இன்னொரு பொறி. எழுத்துகளைச் சேமிக்கும் முறையான, மைசீக்வலின் பழைய யூடிஎஃப்8 ஒரு எழுத்துக்கு அதிகபட்சம் மூன்று பைட்தான் எடுக்கும். தமிழ் எழுத்துக்குறிகள் ஒவ்வொன்றும் அந்த மூன்றுக்குள் அடங்குவதால், தமிழில் சோதித்துவிட்டு எல்லாம் சரி என்று நினைப்போம். வாடிக்கையாளர் முகவரியோடு ஓர் எமோஜி போட்டதும் உடையும். யூடிஎஃப்8எம்பி4-க்கு மாற்ற வேண்டும், பேக்கப் எடுத்துவிட்டு.

இவை முடிந்தபின் கம்போசர் (பிறர் எழுதிய தொகுப்புகளைச் சேர்க்கும் கருவி), லாராவெல் (பிஎச்பி ஃப்ரேம்வொர்க்), டாக்கர் (மென்பொருளை அதன் சூழலோடு பொதிந்து ஓட்டும் கருவி) என்று போகலாம். அந்த வரிசையில் போனால் லாராவெல் ஏன் அப்படி இருக்கிறது என்பது தானாகப் புரியும்.

கிட்டை "அப்புறம் பார்க்கலாம்" என்பது

கிட் என்பது நிரலில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கருவி. அது இல்லாமல், ஃபைல்களை எஃப்டிபியில் நேரே சர்வருக்கு ஏற்றிய பழக்கம் ஒன்றே போதும், இன்டர்வியூவில் உங்கள் காலம் தெரிந்துவிடும். மேலே சொன்ன மாற்றங்கள் ஒவ்வொன்றையும் தனிக் கமிட்டாக (கிட்டில் ஒரு பதிவு), ஏன் மாற்றினோம் என்ற ஒரு வரியோடு கிட்ஹப் தளத்தில் போடுங்கள். எல்லாவற்றையும் முடித்துவிட்டு ஒரே கமிட்டில் தள்ளினால், படிப்பவருக்கு எதுவும் தெரியாது. உங்கள் யோசனையைக் காட்டும் ஒரே சாட்சி அந்த வரலாறுதான். கோர்ஸ் பார்த்துச் செய்த டு-டூ லிஸ்ட் ஐந்து வைத்திருப்பதைவிட இந்த ஒன்று கனம்.

இரண்டு எச்சரிக்கை. பழைய கம்பெனியின் நிரலை அப்படியே ஏற்றாதீர்கள். அது அவர்கள் சொத்து. டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் உள்ள ஃபைலைத் தவறி ஏற்றிவிட்டால், அழித்துவிட்டு மறுபடி கமிட் செய்வதால் பயனில்லை. பழைய கமிட்டில் அது கிடக்கும். பாஸ்வேர்டையே மாற்ற வேண்டும்.

ஏஐ கருவிகளைப் பயன்படுத்துவதில் தப்பில்லை. ஆனால் விளக்கத் தெரியாத வரி எதுவும் அங்கே இருக்கக் கூடாது.

இடைவெளியைப் பொய்யால் அடைப்பது

"எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் ஏற்பாடு செய்து தருகிறோம்", "பேக்டோரில் உள்ளே விடுகிறோம், டெபாசிட் கட்டுங்கள்" என்று அழைப்புகள் வரும். முன்னதில், நிறுவனங்கள் வைக்கும் பின்னணிச் சரிபார்ப்பில் பிஎஃப் கணக்கின் யுஏஎன் எண்ணைக் கேட்பார்கள். எந்த நிறுவனத்தில் எந்த மாதம் சேர்ந்து எப்போது விலகினீர்கள் என்பது அதில் வரிசையாக இருக்கும். முடிக்காத பி.இ.-யை முடித்ததாகப் போட்டாலும், பல்கலைக்கழகத்திடமே கேட்டுவிடுவார்கள். சேர்ந்து சில மாதம் ஆனபின் பிடிபட்டால் வேலையோடு பெயரும் போகும். பின்னதில் வேலை வருமா என்பதே சந்தேகம். பணம் திரும்ப வராது.

ரெஸ்யூமில் இடைவெளியை அது என்னவோ அப்படியே ஒரு வரியில் எழுதுங்கள்: "2016–2023: குடும்பத் தொழில்". அங்கே பில்லிங்கை நீங்களே கவனித்திருந்தால் அதையும் சேருங்கள். ஃபோட்டோ, பக்கத்தை நெடுக்காக இரண்டாகப் பிரித்த டிசைன், நட்சத்திர மதிப்பெண் எல்லாம் வேண்டாம். ரெஸ்யூமைப் படிக்கும் மென்பொருள் இரண்டு பக்கத்து வரிகளையும் கலந்து குழப்பிவிடும்.

டிகிரி கேட்கும் கதவையே தட்டிக்கொண்டிருப்பது

"15 வருட முழுநேரக் கல்வி" என்று விளம்பரத்திலேயே எழுதும் பெரிய சர்வீஸ் நிறுவனங்களில் அந்த நிபந்தனையை எச்ஆர் நினைத்தாலும் தளர்த்துவது கடினம். நூறு விண்ணப்பம் அங்கே போட்டு, பதில் வராததைத் திறமைக் குறைவு என்று எடுத்துக்கொள்வது வீண் வேதனை. சோஹோவில் டிகிரி கேட்கமாட்டார்களாமே என்பார்கள். சரிதான், ஆனால் சோஹோ ஸ்கூல்ஸ் பள்ளியோ டிப்ளமோவோ முடித்த இளையவர்களுக்கானது. 35 வயதில் அது உங்கள் வழி அல்ல. வழக்கமான ஆள் எடுப்பில் ப்ரோக்ராமிங் சுற்றுகளுக்குத் தயாராகிப் போக வேண்டும்.

தட்ட வேண்டிய கதவுகள் வேறு: வூகாமர்ஸ் (வேர்ட்பிரஸில் ஓடும் ஆன்லைன் கடை மென்பொருள்) கடைகளைப் பராமரிக்கும் ஏஜென்சிகள், ஹோஸ்டிங் சப்போர்ட், கோவை, திருப்பூர் பக்கம் சொந்த மென்பொருள் வைத்திருக்கும் ஆலைகள், ஏற்றுமதியாளர்கள். இங்கே பேச்சு நேராக வேலையைத் தெரிந்தவரோடு நடக்கும். ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வோம், இரண்டு வருட பாண்ட் என்று ஆரம்பித்தால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள்.

டிகிரியை இப்போது முடிப்பதா என்ற கேள்விக்கு: வேலையில் அமர்ந்தபின் முடிக்கலாம், அதற்காக வேலை தேடுவதை நிறுத்த வேண்டாம். அரியர் உள்ளவர்கள் முதலில் அதைப் பாருங்கள். காலக்கெடு தாண்டியவர்களுக்கும் அண்ணா பல்கலைக்கழகம் அவ்வப்போது சிறப்புத் தேர்வு வாய்ப்பு அறிவித்திருக்கிறது. இல்லையென்றால் இக்னோவின் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) பிசிஏ: பிளஸ் டூ போதும், குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு. வேறு தொலைதூரக் கல்வி நிறுவனம் என்றால், பணம் கட்டுவதற்கு முன் யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகம் மட்டுமல்ல, அந்தப் படிப்பும், நீங்கள் சேரும் கல்வியாண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். சென்டர்காரர் காட்டும் அனுமதிக் கடிதம் பல சமயம் முந்தைய வருடத்துடையது.