தரம் ஒன்று: சோத்துக்கையும் துணைக்காலும்

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்துக் கத்தோலிக்கப் பாடசாலைகளில் தரம் 1 காலைச் செபத்தோடு தொடங்கும். முதல் தவறும் அங்கேயே நடந்துவிடும். டீச்சர் பிள்ளைகளைப் பார்த்தபடி நின்று நெற்றி, நெஞ்சு, இடத்தோள், வலத்தோள் என்று சிலுவை அடையாளம் போடுவார். பிள்ளைக்கு அவர் ஒரு கண்ணாடி. அதனால் பாதிப் பேருக்கு இடக்கை எழும்பும். மீதிப் பேர் வலக்கையை வலத்தோளுக்கே கொண்டுபோவார்கள். “சோத்துக்கை எது?” என்று அதட்டிப் பயனில்லை. முதல் இரண்டு வாரம் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி, எல்லாரும் வகுப்பிலுள்ள சுரூபத்தை (புனிதர் சிலையை) பார்க்கிற மாதிரி நின்று போடுங்கள். எதிரே நின்றுதான் ஆகவேண்டுமென்றால் நீங்கள் இடக்கையால் போட்டுக் காட்டுங்கள்.

ஆனால் சிலுவை போட வலக்கை பழக்குகிறோம் என்பதற்காக எழுதும் கையை மாற்றிவிடக் கூடாது. இடக்கையால் எழுதும் பிள்ளைக்குக் கொப்பியின் மேல் இடது மூலை சற்று உயர்ந்திருக்கும்படி சரித்து வைத்தால் போதும்.

செபங்களை அவசரப்பட்டு முழுசாக ஒப்புவிக்க வைப்பதும் வீண். திருச்சபைச் சட்டம் 7 வயது நிறைந்த பிள்ளையைத்தான் புத்தி விவரம் வந்த பிள்ளையாகக் கணக்கெடுக்கிறது. இங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு 5 முடிந்து 6 நடக்கிறது. வாரத்துக்கு ஒரு வரி, அதுவும் பொருள் சொல்லி. வகுப்பில் சைவப் பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்கள் அமைதியாக நின்றால் போதும். வாயசைக்கவில்லை என்று பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள்.

எழுத்துக்கு வருவோம். அதிகம் சறுக்குவது இங்கேதான். ‘அ’வில் தொடங்கி வரிசையாகப் போகவேண்டும் என்று வீட்டார் எதிர்பார்ப்பார்கள். ஆனால் ‘அ’வும் ‘இ’யும் சுழியும் வளைவும் நிறைந்தவை, ஐந்து வயது விரலுக்குப் பாரம். ட, ப, ம மூன்றும் கிட்டத்தட்ட நேர்கோடுகள். அவற்றோடு புள்ளியைக் காட்டினால் படம், பட்டம் என்று சொல்லே கிடைத்துவிடும். புள்ளி எழுத்தை “இம்” என்று பெயராக மட்டும் சொல்லிக்கொடுத்தால், பிள்ளை ‘படம்’ என்பதை “ப-ட-இம்” என்று கூட்டிப் படித்துவிட்டு முழிக்கும். உதட்டை மூடி “ம்ம்ம்” என்று ஒலியைக் காட்டுங்கள்.

அடுத்த கண்ணி துணைக்கால். ‘ா’வும் ‘ர’வும் பிள்ளையின் கண்ணுக்கு ஒன்றுதான். ‘மரம்’ என்று எழுதியிருப்பதை “மாம்” என்று படித்தால் அது கவனக்குறைவு அல்ல. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஒரே நாளில் இரண்டையும் அறிமுகம் செய்யாதீர்கள். முதலில் ‘ர’வைப் பழக்கி, அதன் அடியில் இழுபடும் சாய்ந்த வாலைச் சிவப்பு வெண்கட்டியால் காட்டுங்கள். சில வாரம் கழித்து, வாலில்லாத துணைக்காலைக் கொண்டுவந்து ‘பாடம்’ எழுதலாம்.

பிள்ளை “தண்ணி”, “வூடு” என்று தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பேசுவதுபோல் பேசினால் இடைமறித்துத் திருத்த வேண்டாம். கதையை முடிக்கட்டும். பதில் சொல்லும்போது நீங்கள் “தண்ணீர்” என்று சொன்னால் காதில் விழும். இடைமறிக்கப்பட்ட பிள்ளை அதற்குப் பிறகு வாயே திறக்காது.

எண்ணுவதற்குப் புளியங்கொட்டை கொடுப்பது பழைய வழக்கம். அது மூக்குக்குள் போகும், காதுக்குள்ளும் போகும். விரல் நீளக் குச்சியோ சைப்ரஸ் காயோ நல்லது. குச்சி என்றால் பத்துப் பத்தாக இறப்பர் பட்டி போட்டுக் கட்டவும் உதவும்.

குளிரை மறந்து பாடம் போடுவதும் தவறுதான். நுவரெலியாவில் ஜனவரிக் காலையில் விரல் விறைத்திருக்கும்; வந்ததும் பென்சிலைக் கொடுத்தால் எழுத்து நடுங்கும், கூர் முறியும். முதலில் கைதட்டிப் பாட்டு, விரல் விளையாட்டு. எழுத்துவேலை அதற்குப் பிறகு. ஹட்டன் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. பதுளைப் பக்கம் வருடக் கடைசியில்தான் மழை பிடிக்கும். ஜனவரியில் புதுப் பிள்ளை வரும்போதும் அங்கே பாதை சகதியாகவே கிடக்கும். தோட்டத்துப் பாதையில் நடந்து வரும் பிள்ளைக்குச் சப்பாத்து நனையாமல் இராது. புத்தகப்பையில் ஒரு சோடி காலுறையைப் பொலித்தீன் பைக்குள் சுற்றி வைக்கச் சொல்லுங்கள். ஈரக் காலுறையோடு இருக்கும் பிள்ளை காலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும், கரும்பலகையை அல்ல.